கோவளத்து மண்ணு

கிளியம்மாளின் பேரை முதன்முதலாகக் கேட்டபோது பட்டுவுக்குப் பதினாலு வயது. அண்ணன் ஜெயவேலுவுக்குப் பொழிச்சலூரில் பெண் பார்த்துவிட்டு வந்த சித்தி பச்சையம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் அனகாபுத்தூர் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னாள். “பேரு கிளி. ஆனா வாயத் தொறந்தா காக்கா கூட்டம்டி யம்மா. நாங்க ஒரு லோட்டா காபி குடிச்சி முடிக்கறதுக்குள்ள நம்ம வூட்டுக்கும் அவங்க வூட்டுக்கும் மூணு வழியில ஒறவு கீதுன்னு சொல்லிட்டா. அதுல ரெண்டு வழி எனக்கே தெரியாது.” ஜெயவேலு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு அந்த நாலையும் ஒரே மூச்சில் செலவழித்தான். “எனக்கும் சேத்து அதுவே பேசட்டும்” என்றான்.

அப்படித்தான் கிளியம்மாள் பட்டுவுக்கு அண்ணியாக வந்து சேர்ந்தாள். வந்த நாளிலிருந்து ஒரு ஆளையும் அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பட்டு கேட்டதில்லை. பார்த்த நிமிஷத்திலேயே யாரையும் ஒரு முறைக்குள் கொண்டுவந்துவிடுவாள். பால்காரன் சின்ன மாமன். பஸ் கண்டக்டர் பெரியப்பா மகன். ஒரு தடவை பம்மலில் பஸ் ஏறிப் பல்லாவரத்தில் இறங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரியைத் தன் அம்மாவின் அத்தை பேத்தி என்று கண்டுபிடித்து, இறங்கும்போது அவள் பையிலிருந்த முருங்கைக்காயில் பாதியை வாங்கிக்கொண்டு வந்தாள். ஆனால் வாங்கியது போலவே கொடுக்கவும் செய்வாள். பட்டுவுக்குக் கலியாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகு, கிளியம்மாள் வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் முதல் கிண்ணம் நாத்தனார் வீட்டுக்குத்தான் போகும். குழம்போடு சேர்ந்து தெருச் செய்தியும் போகும்.

அவளை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் எண்பத்தைந்து, எண்பத்தாறு வாக்கில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயிருக்க வேண்டும். பழைய நாற்காலி விற்பவர்களைத் தாண்டி, கோழிக்கூடைகளைத் தாண்டி, கருவாட்டுக் கடைகளின் ஓரத்தில் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். எதிரே ஒரு குவியல் மண், பாத்திரம் தேய்க்க. சாம்பல் நிறம் என்று பார்த்தால் சாம்பல், நீலம் என்று பார்த்தால் நீலம். மாவு மாதிரி நைசாக இருக்கும். பக்கத்தில் அளந்து போட ஆழாக்கு, ஒரு பித்தளைச் சொம்பு, ஒரு கண்ணாடி தம்ளர். “கோவளத்து மண்ணு! கண்ணாடி மண்ணு! தேச்சா மொகம் தெரியும்! வா அத்தே, இன்னா சித்தி, கண்டுக்காம போற?” வெறும் மண்ணைக் காசு கொடுத்து வாங்க யாருக்கு மனசு வரும்? முறை வைத்துக் கூப்பிட்டால் நின்றுதானே ஆக வேண்டும்.

அவளுக்கு ஒரு வித்தை இருந்தது. பல்லாவரத்தில் விமானம் தலையில் இடிப்பது போல் தாழ்ந்து இறங்கும். அந்த இரைச்சலில் சந்தையே வாயை மூடிக்கொள்ளும். கிளியம்மாள் அதற்காகவே காத்திருப்பாள். முன்பே ஒரு பிடி மண்ணைத் தம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்திருப்பாள். விமானம் வரும் நேரத்துக்கு மண் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்திருக்கும். எல்லோரும் பேச்சற்று நிற்கும்போது அந்தத் தண்ணீரை முந்தானையில் வடித்து மடக்கென்று குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவாள். இரைச்சல் அடங்கியதும் சொல்லுவாள். “பாத்துக்கினீங்களா? எம் மண்ணு கஞ்சன். தங்கிட்ட கீறத ஒரு சொட்டு தண்ணிக்குக்கூடக் குடுக்காது. அழுக்க மட்டுந்தான் எடுத்துக்கும்.” கூட்டம் சிரிக்கும். ஆழாக்கு ஆழாக்காக மண் போகும்.

அந்த மண் வந்த கதை வேறு. ஜெயவேலுவுக்கு மாட்டுவண்டி இருந்தது. ஆற்றங்கரைப் பக்கம் தோல் பதனிடும் ஒரு தோல்ஷாப்பில் தொட்டிகளை வாரிப் போடும் சேற்றை அள்ளிக்கொண்டு போய், கொஞ்ச தூரம் தள்ளிப் புறம்போக்கில் கொட்டுவது அவன் வேலை. கோடையில் அந்தச் சேறு காய்ந்து அப்பளம் அப்பளமாக வெடித்துக் கிடக்கும். ஒரு நாள் அவனுக்குச் சோறு கொண்டுபோன கிளியம்மாள், தூக்குவாளியின் அடிக்கரியைத் துடைக்க அதில் ஒரு அப்பளத்தை எடுத்துத் தேய்த்தாள். தேய்த்த இடம் பளிச்சென்று விழித்துப் பார்த்தது. மறுநாளே ஒரு கூடை வீட்டுக்கு வந்தது. உரலில் இடித்தாள், சல்லடையில் சலித்தாள், சந்தைக்குக் கொண்டு போனாள். முதல் நாளே ஒருத்தி கேட்டாள், “எந்த ஊரு மண்ணும்மா?” தோல்ஷாப்புச் சேறு என்றால் யார் தொடுவார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த கருவாட்டுக்காரி கோவளத்திலிருந்து வருகிறவள். கிளியம்மாளின் கண் அவள்மேல் பட்டது, வாய் கோவளம் என்றது. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை பிறகு அவள் பேரோடு ஒட்டிக்கொண்டது. சந்தையில் அவளைக் கோவளத்துக் கிளி என்றார்கள். கோவளத்துக்கு அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை.

பட்டுவின் புருஷன் கேசவன் தறி நெய்கிறவன். தறி பாதி நாள் சும்மா கிடந்தது. பட்டு குரோம்பேட்டையில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். அண்ணி அவளுக்கு மாசம் ஒரு பை மண்ணைச் சும்மா கொடுத்தாள். கொடுக்கும்போது பக்குவமும் சொன்னாள். “வெறும் மண்ணுல தேய்க்காத. புளிய நல்லா கரைச்சி, சக்கையோட சேத்துத் தேய். அப்ப பாரு ஜொலிப்ப!” பார்த்தார்கள். வேதியியல் பாடம் நடத்தும் சரோஜினி டீச்சர் வீட்டில், அவர் மாமியார் காலத்துப் பித்தளைத் தவலை ஒன்று கறுத்துப் போய்க் கிடந்தது. பட்டு இரண்டு நாள் தேய்த்தாள். கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் அதை அடுக்களையிலிருந்து கூடத்துக்கு மாற்றி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். “எங்க பட்டு கை ராசி” என்றார். பட்டுவுக்கு ஒரு முழம் உயர்ந்தது போல் இருந்தது.

முதல் மாசமே அவள் ஒன்றைப் பார்த்தாள். ஈர மண்ணில் விரலோடு ஏதோ ஒட்டியது. குட்டையான ஒரு முடி, பாதி வெள்ளை, பாதி செம்பட்டை. தேங்காய் நார் என்று நினைத்து எடுத்தாள். நார் இல்லை. ஜெயவேலுவின் வண்டியில், அவன் சட்டையில், அந்த வீட்டுப் பாயில் எத்தனையோ தடவை பார்த்த முடிதான். தோலிலிருந்து சுரண்டி எடுத்த மாட்டு முடி. பட்டு அதை விரலால் உதறிச் சாக்கடையில் விட்டாள். கூடத்திலிருந்து டீச்சர், “என்ன பட்டு, கல்லா?” என்று கேட்டார். “நாரு டீச்சரம்மா” என்றாள். கோவளம் போகிற பஸ் எது என்றுகூட அண்ணிக்குத் தெரியாது என்பது பட்டுவுக்கு எப்போதோ தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கை ராசி என்று நாலு வீட்டில் சொல்கிறார்களே, அதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

கை கெடுவதற்கு நாலு வருஷம் பிடித்தது. முதலில் விரலிடுக்கில் அரிப்பு. பிறகு கொப்புளம். பிறகு தோல் வரப்பு வரப்பாக வெடித்து நீர் வடிந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் பக்கத்தில் நிற்பவர்கள் நகர்ந்துகொண்டார்கள். பட்டு இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு, பிடிமானம் இல்லாமல் ஆளுக்கு ஆள் மோதிக்கொண்டு போனாள். ஒரு வீட்டில் அந்த அம்மாள் நல்லவிதமாகவே சொன்னாள். “பட்டு, நீ தேய்ச்ச தட்டுல எங்க மாமனார் சாப்பிட மாட்டேங்கறார். தப்பா நெனைச்சுக்காதே.” இதில் நினைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று பட்டு தலையை ஆட்டிவிட்டு வந்தாள். நாலு வீடு மூன்றானது, மூன்று இரண்டானது.

கிளியம்மாள்தான் அவளைத் தாம்பரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது சிரிப்புக் காட்டிக்கொண்டே வந்தாள். “தோல் டாக்டருன்னா இன்னாடி? உங்க அண்ணன் கணக்கா ஷாப்புல ஒக்காந்துகினு இருப்பாரா?” டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தோல்ஷாப்புல வேலை செய்யறியாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல சார்.”

“சிமெண்ட்டு? சித்தாள் வேலை?”

“இல்ல சார். பாத்திரம் தேய்க்கறேன்.”

“எதைப் போட்டுத் தேய்க்கறே?”

“சோப்புத்தூளு சார். அப்பறம் மண்ணு.”

“என்ன மண்ணு?”

பட்டு அண்ணியைப் பார்த்தாள். கிளியம்மாள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல்ஷாப்பு என்ற சொல் டாக்டரின் வாயிலிருந்து வந்த நிமிஷத்திலிருந்து அவள் பார்வை அங்கேதான் இருந்தது. “கோவளத்து மண்ணு” என்றாள், கண்ணைக் கீழே இறக்காமலே.

“கடலோர மண்ணா? அது ஒண்ணும் செய்யாது. சோப்புத்தூளைத் தொடாதே” என்று களிம்பு எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கிளியம்மாள் ஒருத்தருக்கும் உறவு சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு கிழவி தானாகவே, “நீ பொழிச்சலூரு பொண்ணு தானே?” என்று கேட்டதற்கு, “இல்ல” என்றாள். அவள் அப்படிச் சொல்லிப் பட்டு அன்றைக்குத்தான் கேட்டாள்.

டாக்டர் பேச்சைக் கேட்டுப் பட்டு சோப்புத்தூளை விட்டாள். வெறும் மண்ணும் புளியும் மட்டும் வைத்துத் தேய்த்தாள். ஆறு வாரத்தில் வலது கைக் கட்டைவிரல் நகம் தானாகக் கழன்று விழுந்தது. அந்த ஆறு வாரமும் கிளியம்மாள் தினம் சாயங்காலம் வந்தாள். குப்பைமேனி அரைத்துக் கொண்டுவந்தாள், மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்தாள், பட்டுவின் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்தாள், சோறு வடித்தாள். எல்லாம் செய்தாள், தோல்ஷாப்பு என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. பட்டுவும் கேட்கவில்லை. ஒருத்தி மஞ்சள் தடவ, ஒருத்தி கையை நீட்ட, இரண்டு பேரும் வேறு வேறு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சந்தைக்குப் போவதையும் கிளியம்மாள் நிறுத்தவில்லை. குரல் மட்டும் கம்மியது. விமானம் வந்தால் தம்ளரை எடுப்பதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் சரோஜினி டீச்சர்தான் பிடித்தார். ஒரு நாள் காலையில் குழாயடியில் வந்து நின்று, “கையைக் காட்டு” என்றார். நகம் இல்லாத விரலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார். “சோப்பை விட்டு ஆறு வாரம் ஆச்சு. கை இன்னும் மோசமாயிருக்கு. அப்போ மிச்சம் என்ன இருக்கு? நார், புளி, மண்ணு. நார் எல்லார் வீட்லயும் இருக்கு. புளி நானும் தினம் கரைக்கறேன்.” மண்ணில் இரண்டு பிடி எடுத்தார். ஒரு கண்ணாடி கிளாஸில் ஒரு பிடி போட்டு வெறும் தண்ணீர் ஊற்றினார். இன்னொன்றில் ஒரு பிடி போட்டு, தோட்டத்து மரத்திலிருந்து பறித்த நாலு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். இரண்டையும் கலக்கி அடுக்களை ஜன்னலில் வைத்தார். “நாளைக்கு உங்க அண்ணியைக் கூட்டிக்கிட்டு வா.”

மறுநாள் இரண்டையும் பஞ்சில் வடித்து வைத்திருந்தார். ஒரு கிளாஸ் கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. எலுமிச்சை பிழிந்தது பழைய சோடா பாட்டில் கண்ணாடி மாதிரி பச்சை ஓடியிருந்தது. கிளியம்மாள் நுழைந்ததும் வழக்கப்படி, “டீச்சரம்மா வூட்டுக்காரருக்குச் சொந்த ஊரு எதும்மா?” என்று ஆரம்பித்தாள். டீச்சர் மண் பையை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“கிளியம்மா, இது எந்த ஊரு மண்ணு?”

“கோவளம் டீச்சரம்மா. சந்தையில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க.”

“இதுல குரோம் இருக்கு போலிருக்கே.”

“குரோம்பேட்டையா? நீங்க இருக்கறதுதான் குரோம்பேட்டை. நான் கொண்டாறது கோவளம்.”

டீச்சர் சிரிக்கவில்லை. “ஊரைச் சொல்லலை. தோலைப் பதப்படுத்தப் போடுவாங்களே, அந்த உப்பு. அதுல இருக்கற உலோகம்.”

கிளியம்மாள் தெளிந்த தண்ணீர் கிளாஸை எடுத்தாள். சந்தையில் குடிப்பது போலவே மடக்கென்று குடித்துக் கவிழ்த்துக் காட்டினாள். “பாருங்க. இத்தினி வருஷமாக் குடிக்கறேன். எங் கையப் பாருங்க, தெனம் இதுலதான் கீறேன், ஒரு கீறல் கீதா? எம் மண்ணு கஞ்சன் டீச்சரம்மா. தங்கிட்ட கீறத ஒரு சொட்டு தண்ணிக்குக்கூடக் குடுக்காது.” சொல்லும்போது வார்த்தைகள் பழைய வார்த்தைகளாகவே இருந்தன. குரல்தான் இன்னொருத்தியுடையது போல் இருந்தது.

“கஞ்சன்தான், ஒத்துக்கறேன்” என்றார் டீச்சர். “நீ தொடறது காஞ்ச மண்ணு. காஞ்சு கிடக்கும்போது கொடுக்காது. வெறும் தண்ணிக்கும் அவ்வளவு சுலபமாக் கொடுக்காது. களிமண்ணு அப்படித்தான், பிடிச்சதை விடாது. பஸ்ஸுல ஒருத்தி சீட்டுல உக்காந்திருக்கான்னு வெச்சுக்கோ. சும்மா வர்றவ நகருன்னா நகர மாட்டா. ஆனா புளிப்புன்னு ஒரு முரட்டுப் பொம்பளை ஏறினா, இடிச்சு எழுப்பிட்டு அவ உக்காந்துடுவா. எழுந்தவ எங்க போவா? தண்ணிக்குப் போவா. தண்ணியிலேர்ந்து கைக்குப் போவா. உன் தம்ளர்ல நீ என்னிக்காவது புளியைக் கரைச்சுப் பாத்தியா?”

புளியைச் சேர்த்துத் தேய் என்று சொன்னது யாருடைய வாய் என்று பட்டுவுக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். கிளியம்மாள் அந்தப் பச்சைக் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று, “இதையும் குடிச்சிக் காட்டறேன்” என்று எடுத்துவிட்டாள். அது வீம்பா, வேறு ஏதாவதா என்று பட்டுவால் கடைசி வரைக்கும் தீர்மானிக்க முடியவில்லை. உதட்டருகே போய்விட்டது. துணி சுற்றிய கையாலேயே பட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். புண்ணீர் கிளியம்மாளின் கண்ணாடி வளையலில் பட்டது.

“வேணா அண்ணி. அது கோவளத்து மண்ணு இல்ல.”

கிளியம்மாள் திரும்பிப் பார்த்தாள். “உனக்கு எப்டித் தெரியும்?”

“முடி இருந்திச்சி. மாட்டு முடி.”

“எப்பப் பாத்த?”

“மொதோ மாசமே.”

கிளியம்மாள் கிளாஸை ஜன்னலில் வைத்தாள். உடைந்துவிடுமோ என்று பயப்படுகிறவள் போல் அவ்வளவு மெதுவாக வைத்தாள். அவள் திட்டுவாள், இல்லாவிட்டால் அழுவாள் என்று பட்டு எதிர்பார்த்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை. டீச்சர்தான் பேசினார், யாரிடம் என்றில்லாமல். “இருபது வருஷமா இதைத்தான் கரும்பலகையில எழுதறேன். தவலை பளபளன்னு இருக்கறதைத்தான் பாத்தேன். தேய்க்கற கையைப் பாக்கலை.” கூடத்துத் தவலை அங்கிருந்தே தெரிந்தது. மூன்று பேர் முகமும் அதில் இருந்தது, தலை குனிந்தபடி. தேய்த்தால் முகம் தெரியும் என்று கிளியம்மாள் கூவியது பொய்யில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கிளியம்மாள் சந்தைக்குப் போனாள். பட்டுவும் பின்னாலேயே போய்க் கோழிக்கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றாள். கிளியம்மாள் சாக்கை விரித்தாள், மண்ணைக் குவித்தாள். ஆழாக்கை மட்டும் எடுத்து வெளியே வைக்கவில்லை. ஒரு விமானம் வந்து போனது. அதன் இரைச்சல் முழுக்க அடங்குவதற்குள்ளேயே, பாதிச் சத்தத்தில் மறைந்துகொண்டு, “தோல்ஷாப்பு மண்ணு” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை உரக்கவே கூவினாள். “தோல்ஷாப்பு மண்ணு! தொட்டி வாரன சேறு! கை புண்ணாப் பூடும்! வாங்கனவங்க தூரப் போடாம திருப்பிக் கொண்டாந்து குடுத்துடுங்க!”

கருவாட்டுக்காரி சிரித்தாள். “இன்னாடி கிளி, புது வித்தையா?” வாடிக்கைக்காரி ஒருத்தி குனிந்து மண்ணை விரலில் தொட்டுப் பார்த்தாள்.

“எந்த ஊரா இருந்தா எனக்கின்னா? பளபளன்னு கீதில்ல. ரெண்டு ஆழாக்கு போடு.”

“போட மாட்டேன் அத்தே.”

“இன்னா பேஜாரு பண்ற? போன வாரம் போட்ட மண்ணு தானே?”

“போன வாரம் போட்டது பொய்யி அத்தே. எங்க நாத்தனா கைய நீ பாக்கறியா? தோ, அங்க நிக்கறா பாரு.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பட்டு கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, வெளியே எடுத்து நீட்டினாள். வாடிக்கைக்காரி அந்தக் கையைப் பார்த்தாள், தன் கையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். மண்ணைத் தொட்ட விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே போய்விட்டாள். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அதற்கடுத்த வாரம் மூன்று பேர், அதற்கப்புறம் ஒருத்தி. விற்றது எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும் என்று கிளியம்மாளுக்குத் தெரியும். ஒவ்வொருத்தியையும் முறை சொல்லிக் கூப்பிட்டவள் ஆயிற்றே. அத்தை, சித்தி, சின்ன மாமி என்று பட்டுவிடம் வரிசையாக ஒப்பித்தாள். வீடு எங்கே என்று கேட்டால் ஒன்றுக்கும் அவளிடம் பதில் இல்லை.

மிச்சம் ஆறு மூட்டை இருந்தது. ஆற்றில் கொட்டிவிடுகிறேன் என்றான் ஜெயவேலு. கிளியம்மாள் விடவில்லை. ஈரமும் புளிப்பும் படாமல், சுண்ணாம்பு கலந்து வைத்தால் மண் தன் பிடியை விடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். சுண்ணாம்பு வாங்கிக் கலந்தாள். மூட்டைகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தன் கட்டிலுக்கு அடியிலேயே அடுக்கினாள். மழைக்காலத்தில் அடையாறு ஏறித் தெருவுக்குள் வந்தால், அரிசிப் பானைக்கு முன்னால் அந்த மூட்டைகளைத்தான் தூக்கிக் கட்டில்மேல் வைப்பாள். இரண்டு தடவை அப்படி வைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாகத் தண்ணீரில் நின்றுகொண்டு ராப்பொழுதைக் கழித்தார்கள். ஜெயவேலு வண்டியை விற்றுவிட்டான். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவன் நாலு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பட்டுவின் கை ஒரு வருஷத்தில் ஆறியது. நகமும் முளைத்தது, கொஞ்சம் கோணலாக. ஆனால் உடம்பு மறக்கவில்லை. தோல் செருப்பு போட்டால் வார் பட்ட இடம் சிவந்து கொப்பளிக்கிறது. ரப்பர் செருப்புதான் போடுகிறாள். ஈரத்தில் கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தத் தடவை அவரிடம் உண்மையைச் சொன்னவள் கிளியம்மாள். மின்விசிறியைப் பார்க்காமல், டாக்டரின் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பட்டுவின் கை கெட்டதற்குப் பதில் என்ன கொடுப்பது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை விடிகாலையில் பட்டுவின் வீட்டுக்கு வந்து, “அந்தத் துணிப் பைய எடு” என்றாள். தேய்ப்பதற்கு நார் வைத்திருக்கும் பை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பட்டுவுக்கு மிச்சமிருந்த இரண்டு வீட்டுக்கும் போனாள், விட்டுப் போன இரண்டு வீட்டுக் கதவையும் தட்டினாள். “இது பட்டுவோட வேலை. பட்டு பேருலயே இருக்கட்டும், சம்பளமும் அவளுக்கே. நான் செய்யறேன்” என்றாள். சாம்பலும் நாரும்தான் வைத்துத் தேய்க்கிறாள். பாத்திரம் முன்னே மாதிரி மின்னவில்லை என்று ஒரு வீட்டில் குறைப்பட்டார்கள். டீச்சர் வீட்டுத் தவலை மறுபடி கறுத்துவிட்டது. டீச்சர் அதைத் தேய்க்கச் சொல்வதில்லை, உள்ளே எடுத்து வைக்கவும் இல்லை.

பட்டு எப்போதாவது கூடப் போனால் குழாயடிக்குக் கொஞ்சம் எட்ட, ஈரம் படாமல், காய்ந்த துணியோடு உட்கார்ந்து கழுவின தட்டைத் துடைத்துத் தருவாள். இரண்டு பேரும் ஊர்க்கதை பேசுவார்கள். யாருக்கு யார் என்ன முறை என்ற பேச்சு மட்டும் கிளியம்மாளிடமிருந்து வருவதில்லை. ஒரு வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலைக்காரியின் பேர் பட்டு என்று மட்டும்தான் தெரியும். உள்ளேயிருந்து, “பட்டு, ரெண்டு தம்ளர் கழுவிக் குடும்மா” என்று குரல் வரும். பட்டு தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் கிளியம்மாள், “தோ வந்துட்டேங்க” என்று எழுந்துவிடுவாள். போவதற்கு முன்னால் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு தடவை பார்ப்பாள்.

கிளியம்மாள் இப்போது குரோம்பேட்டையில் இருக்கிறாள். காலை ஆறரை மணியிலிருந்து பதினொரு மணி வரை, நாலு வீட்டுக் குழாயடியில், பட்டு என்ற பேரில்.